ஃபுட்போர்டில் நாய், கையில் கயிறு... இ-ஸ்கூட்டரில் செல்லப்பிராணியோடு போகலாமா? சட்டம் சொல்வது என்ன?

மதுரை பழங்காநத்தம் பக்கம் காலை ஆறு மணிக்கு டீ குடிக்க நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பைபாஸ் ரோட்டில் ஒருவர் இ-ஸ்கூட்டரில் மெதுவாகப் போவார். வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருக்கும். இடது கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், நாக்கைத் தொங்கப்போட்டபடி ஓடிவரும் நாய். கேட்டால் 'வாக்கிங்' என்பார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஸ்கூட்டர் ரவுண்டானாவைச் சுற்றி வரும். அதன் ஃபுட்போர்டில் ஒரு பொமேரியன், ஓட்டுபவரின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வண்டியில் இருக்கும் குழந்தைகள் டாட்டா காட்டுவார்கள். ஓட்டுபவருக்கும் பெருமையாக இருக்கும்.

பார்க்க அழகுதான். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. வண்டி திடீரென நின்றால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் அவர் தோளைப் பிடித்துக்கொள்வார். நாய் எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஏன் இ-ஸ்கூட்டர்?

1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைச் சுமக்கும் டி.வி.எஸ் நகர், பழங்காநத்தத்தை ஒட்டியே இருக்கிறது. டி.வி.எஸ் மோட்டார் 2020-ல் 'ஐகியூப்' இ-ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. ஏத்தர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் வண்டி தயாரிக்கின்றன. இன்று பல தெருக்களில் பச்சை நம்பர் பிளேட் வண்டி ஒன்றாவது நிற்கிறது.

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த வண்டிகள் பிடித்துப்போகக் காரணம் உண்டு. இன்ஜின் சத்தம் இல்லை, அதனால் நாய் மிரள்வதில்லை. பெட்ரோல் வாடை இல்லை. காலைச் சுடும் சைலன்ஸர் இல்லை. பல மாடல்களில் ஃபுட்போர்டு சமதளமாக, அகலமாக இருக்கிறது.

இதே வண்டிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மின்மோட்டார் ஆக்ஸிலரேட்டரைத் திருகிய நொடியிலேயே முழு இழுவிசையையும் கொடுத்துவிடும். நாய் துள்ளுகிறதே என்று பதறிப் பிடிக்கப்போகும்போது வலது கை லேசாக முறுக்கினாலும் வண்டி பாய்ந்துவிடும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் உறுமல் சத்தமாவது எச்சரிக்கும். இதில் அதுவும் கிடையாது.

அடுத்தது, ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி இது. நல்ல வசதிதான். ஆனால், பிரேக்கைத் தொடாமலேயே வண்டி வேகம் குறைவதால், வழுக்கும் ஃபுட்போர்டில் நிற்கும் நாய் முன்னால் சறுக்கும். சறுக்கிய நாய் எங்கே போய் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது.

சட்டத்தில் நாய் எங்கே வருகிறது?

'இருசக்கர வாகனத்தில் நாயை ஏற்றக் கூடாது' என்று 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் நேரடியாக ஒரு வரி கிடையாது. 'ஏற்றலாம், இப்படித்தான் ஏற்ற வேண்டும்' என்றும் கிடையாது. ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம் என்னும் 128-வது பிரிவு பேசுவது மனிதர்களைப் பற்றி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம். 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்றால், பாதுகாப்பு வார், குழந்தைக்கான ஹெல்மெட், மணிக்கு 40 கி.மீ வேக வரம்பு ஆகியவை கட்டாயம் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. செல்லப்பிராணிகளுக்கு அப்படித் தனி விதி எதுவும் வரவில்லை.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் கூட்டிப்போகலாமா? கூடாது. இரண்டு சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-வது பிரிவு. ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கும்படி யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்கிறது அது. ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாமல் நடுவில் நிற்கும் நாயும், இடது கையைப் பிரேக்கிலிருந்து எடுக்கவைக்கும் கயிறும் இந்த வரியில் சிக்கும். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டினால் 184-வது பிரிவு இருக்கிறது. முதல் முறை என்றால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டாவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். தேவையற்ற வலியோ துன்பமோ தரும் விதத்தில் எந்த விலங்கையும் வாகனத்தில் கொண்டுபோகக் கூடாது என்கிறது 11-வது பிரிவு. நாய், பூனைக்கு மட்டுமல்ல. காலைக் கட்டித் தலைகீழாக ஹேண்டில்பாரில் தொங்கவிடப்படும் கோழிக்கும் சேவலுக்கும்கூட இது பொருந்தும். முதல் குற்றத்துக்கு இந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். 1960-ல் எழுதிய தொகை அது. ஐம்பது ரூபாய்தானே என்று நினைப்பவர்கள், கால் எலும்பு முறிந்த நாய்க்கு ஆகும் அறுவை சிகிச்சைச் செலவை ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

நாய் வண்டியிலிருந்து குதித்து, பின்னால் வந்தவர் அதன் மேல் மோதி விழுந்தால்? தன் பொறுப்பில் இருக்கும் விலங்கால் மனிதர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

'லைசென்ஸ் வேண்டாம்' வண்டி

எல்லா இ-ஸ்கூட்டரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதற்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. பெரியவர்கள் பலர் இந்த வகையை வாங்குவது இதனால்தான்.

இந்த வரம்பைத் தாண்டிவிட்டால் பெட்ரோல் வண்டிக்குள்ள அத்தனையும் இதற்கும் உண்டு. பதிவு, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாயும், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாயும் அபராதம். 25 கி.மீ வண்டி என்று வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டால், அது அந்த நிமிடமே பதிவு இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது.

நாயைக் கடைத்தெரு வரை கூட்டிப்போக வீட்டுப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் பதிவு பெற்ற இ-ஸ்கூட்டரை ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் நாயின் மருத்துவச் செலவு அதில் வராது. அதற்கு பெட் இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

கயிறு கட்டி ஓடவிடும் 'வாக்கிங்'

இதைச் செய்பவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் அல்ல. மூட்டு வலியால் நடக்க முடியாத அப்பாவோ, ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட மகனோ, நாயை அடைத்துவைக்க மனமில்லாமல்தான் இப்படிக் கூட்டிப்போகிறார்கள். ஆனால் ஆபத்து நாய்க்கும் அவர்களுக்கும் சேர்த்தே.

நாய் நின்று நின்று, மோப்பம் பிடித்து நடக்கும் பிராணி. வண்டி போகும் வேகத்தில் அது ஓட ஆரம்பித்தால், களைத்துப்போனாலும் நிற்க முடியாது. கழுத்தில் கயிறு இழுக்கும். எதிரே பூனை ஓடினால் அது பக்கவாட்டில் பாயும். ராஜபாளையம், கோம்பை போன்ற பெரிய தென்மாவட்ட நாய் என்றால், ஒற்றைக் கையால் ஓட்டப்படும் வண்டியைச் சாய்க்க அந்த ஒரு இழுப்பே போதும். கயிறு சக்கரத்தில் மாட்டினால் யாருக்கு முதலில் அடிபடும் என்று சொல்ல முடியாது. இ-ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வருவதால், முன்னால் நடந்துபோகிறவர்களுக்கும் வண்டியும் நாயும் சேர்ந்து வருவது தெரியாது.

வீட்டில் யாராலும் நடக்க முடியாத நிலை என்றால், பக்கத்து வீட்டுப் பையனோ மொட்டை மாடியில் பந்து விளையாட்டோ இதைவிட நல்ல வழி.

எங்கே, எப்படி உட்காரவைப்பது?

மணிக்கு 40 கி.மீ வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. குனிந்து நாயை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர இரண்டு நொடி ஆனால் 22 மீட்டர். ஏறக்குறைய இரண்டு டவுன் பஸ்ஸின் நீளத்தை ரோட்டைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். அதனால், நாயைக் கவனிக்க வேண்டிய அவசியமே ஓட்டுபவருக்கு வரக் கூடாது.

சிறிய நாய், நாய்க்குட்டி, பூனை என்றால் காற்றோட்டமுள்ள மூடிய பெட்டியோ, பெட் கேரியர் பையோ வேண்டும். ஒருவர் ஓட்ட, பின்னால் உட்காருபவர் அந்தப் பையை மார்போடு மாட்டிக்கொள்வது இருப்பதில் நல்ல ஏற்பாடு. தனியாகப் போகிறீர்கள் என்றால் பையை முதுகில் மாட்டலாம். பெட்டியை ஃபுட்போர்டில் வைப்பதானால், அது அசையாதபடி வார் போட்டுக் கட்ட வேண்டும்; ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, கால் வைக்க இடமும் இருந்தால்தான் கிளம்ப வேண்டும். கட்டுவதற்காக ஃபுட்போர்டில் துளை போடவே கூடாது. பல மாடல்களில் பேட்டரி இருப்பது அதற்கு அடியில்தான்.

காய்கறிப் பை மாட்டும் கொக்கியில் நாயின் கழுத்துப் பட்டையை மாட்டிவிடுவது மிகவும் ஆபத்தானது. நாய் குதித்தால் தரையைத் தொடாமல் கழுத்தில் தொங்கிவிடும். பைக்குள் வைக்கும்போதும் கழுத்துப் பட்டையைவிட, மார்பைச் சுற்றிவரும் ஹார்னெஸ்தான் பாதுகாப்பு. பூனையைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டுவதும் கூடாது, மூச்சுத் திணறும்.

பெட்டியில் அடங்காத நாயை ஸ்கூட்டரில் ஏற்றாமல் இருப்பதே சரி. வண்டியின் எடையே சுமார் 110 முதல் 130 கிலோதான். அதன் மேல் 25 கிலோ நாய் தன் இஷ்டத்துக்கு இடமும் வலமும் சாய்ந்தால் பேலன்ஸ் என்ன ஆகும்?

பழக்குவதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதலில் வீட்டுக்குள் பெட்டியைத் திறந்துவைத்து, அது படுக்கும் துணியைப் போட்டு, தானாக உள்ளே போகவிட வேண்டும். பிறகு நிற்கும் வண்டியில் சில நிமிடம். பிறகு தெருவுக்குள் ஒரு சுற்று. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வண்டி ஆஃப் ஆகியிருக்க வேண்டும். ஓட்டும்போது ஈகோ மோடு போதும். பாய்ச்சல் குறைவாக இருக்கும். போய்ச் சேர்ந்ததும் முதலில் கயிற்றை மாட்டி, பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ, நாயோடு நின்றுகொண்டே போகும் இ-ஸ்கூட்டர் வீடியோவை அனுப்பினால் அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கால் வைத்து நிற்கும் வேறு வகை வண்டி. அங்கும் கட்டுப்பாடு கடுமை. சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் அதை நடைபாதையில் ஓட்டத் தடை; சைக்கிள் பாதையில் ஓட்டவும் எழுத்துத் தேர்வில் பாஸாக வேண்டும். பிரிட்டனில் சொந்தமாக வாங்கிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே சட்டவிரோதம். வாகனத்தில் போகும் நாய் ஓட்டுபவரின் கவனத்தைச் சிதறடிக்காதபடியும், திடீரென நின்றால் யாருக்கும் அடிபடாதபடியும் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சாலை விதிநூலின் 57-வது விதி சொல்கிறது.

வெயிலும் தெருநாய்களும்

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் கறுப்பு ஃபுட்போர்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இதில் சீக்கிரம் திணறும். காலை எட்டு மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவது நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும். கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம், வாந்தி எடுக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், தெருநாய்கள். வண்டியில் வேறொரு நாய் நிற்பதைப் பார்த்தால் தெருவே சேர்ந்து துரத்தும். மூடிய பெட்டி இருந்தால் பாதிப் பிரச்னை குறையும். துரத்தினால் வேகத்தைக் கூட்டாமல், காலால் உதைக்காமல், வேகத்தைக் குறைப்பதே விழாமல் தப்பிக்கும் வழி. கடிபட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் போடும் ரேபிஸ் தடுப்பூசியையும் தவறவிடக் கூடாது.

வண்டி நிற்கும்போதும் கவனம்

நாய்க்குட்டியும் பூனையும் நிழலுக்காகப் படுப்பது வண்டிக்கு அடியில்தான். பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்தால் சத்தத்துக்கு எழுந்து ஓடிவிடும். இ-ஸ்கூட்டர் ஆன் ஆனது அதற்குத் தெரியாது. ரிவர்ஸ் வசதி உள்ள வண்டியென்றால் இன்னும் ஆபத்து. சாவியைத் திருகும் முன் ஒருமுறை குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சார்ஜிங் இன்னும் முக்கியம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த இ-ஸ்கூட்டரில் தீப்பிடித்து, வீட்டில் சூழ்ந்த புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவரது 13 வயது மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்-156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

நாய் இருக்கும் வீட்டில் இதற்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். குட்டிகளுக்குப் பல் ஊறும் வயதில் சார்ஜர் வயர்தான் விளையாட்டுப் பொருள். வயரை எட்டாத உயரத்தில் மாட்டி, கடிபட்ட தடம் இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பல வீடுகளில் போர்டிகோவில்தான் வண்டி சார்ஜ் ஏறும். அதே போர்டிகோ கம்பியில்தான் இரவில் நாயையும் கட்டுவார்கள். புகை வந்தால் மனிதர்கள் கதவைத் திறந்து ஓடலாம். சங்கிலியில் இருக்கும் நாய் குரைக்க மட்டும்தான் முடியும். இன்று இரவே அந்தச் சங்கிலியை இடம் மாற்றிவிடுங்கள்.

பெரிய நாயை டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது?

பழங்காநத்தத்திலிருந்து தல்லாகுளத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஊரைத் தாண்டி, வைகையையும் கடக்க வேண்டும். நெரிசலான நேரத்தில் லாப்ரடாரை ஃபுட்போர்டில் நிறுத்திக்கொண்டு போகும் தூரமல்ல அது. தெருமுனை ஸ்டாண்டில் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, நாயைச் சிறு கயிற்றில் காலடியில் உட்காரவைத்தால் அவரும் முகம் சுளிக்க மாட்டார். அவசரம் என்றால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வைத்திருப்பது நல்லது.

வீட்டில் இ-ஸ்கூட்டரும் இருக்கிறது, குட்டி நாயும் இருக்கிறது என்றால், கேரியர் பை வாங்கும்போது நாயைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டிய அவசியமில்லை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், நிற்கும்போது தலை வரை உயரம், எடை ஆகிய மூன்றையும் வீட்டிலேயே குறித்துக்கொண்டு போனால் போதும். உள்ளே நின்று, திரும்பி, படுக்க இடம் இருக்கும் பைதான் சரியான அளவு.